போனில் பதினொன்று, கம்ப்யூட்டரில் மூன்று

சுவரைப் பூசி மூடுவதற்கு முன்னால், உள்ளே போகும் குழாயைப் போனில் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். அளவுக்கு என் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் குழாய் பக்கத்தில் பிடித்துக்கொள்வேன். ஜன்னலிலிருந்து எத்தனை செருப்புத் தூரத்தில் குழாய் போகிறது என்று பின்னால் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். டேப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். செருப்புக்கு வேண்டாம்.

போனில் இடமில்லை, இடமில்லை என்று அது கத்திக்கொண்டே இருந்ததால் மகள் அதைச் சுத்தம் செய்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பூரா செருப்பா இருந்துச்சுப்பா. கை தவறி எடுத்ததுன்னு நினைச்சு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில் பல் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியிலிருந்து தச்சன் கூப்பிட்டான். அங்கே குழாய் போட்டது நான்.

"அண்ணே, இந்தச் சுவத்துல குழாய் எந்தப் பக்கம் போகுது? அலமாரிய மாட்டுன்னு டாக்டரம்மா தலைமேல நிக்கிறாங்க."

"நான் சொல்ற வரைக்கும் டிரில்ல கை வைக்காதே."

"சீக்கிரம் சொல்லுண்ணே. கீழ பேப்பர் கடை. குழாயில ஓட்டை விழுந்துச்சுன்னா கடைக்காரரு நம்ம ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டாரு."

எனக்கு ஞாபகம் இல்லை. இடது பக்கம் என்று தோன்றியது, கொஞ்ச நேரத்தில் வலது என்றும் தோன்றியது. மாற்றிச் சொன்னால் கீழே இருக்கும் காகிதமெல்லாம் கூழாகிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எவனும் என்னை வேலைக்குக் கூப்பிடமாட்டான்.

மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அழித்த படம் திரும்பி வருமா என்று கேட்டேன். போனை வாங்கி ஒயரைச் செருகினார். போனில் காலியிடம் பதினொரு ஜிபி என்று இருந்தது. கம்ப்யூட்டர் அதே போனைப் பார்த்து மூன்று என்றது.

"என்ன மாப்பிள்ளை, ஒன்னு பதினொன்னுங்குது, இன்னொன்னு மூணுங்குது?"

"ரெண்டும் வேற வேற மாதிரி கணக்குப் போடும் மாமா. எங்கயும் உள்ளதுதான்."

"தொட்டியில ஒரு அளவு, குழாயில ஒரு அளவுன்னா நடுவுல ஒழுகுதுன்னு அர்த்தம். மீதி எட்டு எங்க போச்சு? உங்க பெட்டிக்குள்ளயா?"

மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் புதிதாகக் குழாய் வேலையில் இறங்கியிருந்தான். நான் மூடிய சுவர்களின் படம் கிடைத்தால் அந்த வீட்டு ரிப்பேரெல்லாம் அவனுக்குப் போய்விடுமே. அதையும் சொல்லிவிட்டேன்.

"அப்பா!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "உங்க செருப்ப வச்சுக்கிட்டு அவன் என்ன மாமா பண்ணப்போறான்? உக்காருங்க. என் பெட்டிய முழுசா திறந்து காட்டுறேன். நீங்களே தேடிக்குங்க."

ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அவர் கல்யாணப் படங்கள் இருந்தன. அதில் நான் உர்ரென்று நிற்கிறேன். செருப்பு ஒன்றும் இல்லை. பிறகு என் போனைத் திறந்து அதற்குள்ளும் நோண்டினார். குப்பைத்தொட்டி மாதிரி ஒரு படம் இருந்தது. அதைத் தொட்டதும் வரிசை வரிசையாக என் செருப்பு.

"அழிச்சதெல்லாம் இங்கதான் கிடக்கு. இதயும் காலின்னு சேத்துக்கிட்டு போன் பதினொன்னுன்னு பீத்திக்குது. சரக்கு இன்னும் உள்ளதான் இருக்குன்னு கம்ப்யூட்டர் மூணுங்குது."

நீலச் சட்டம் போட்ட ஜன்னலை வைத்து டாக்டரம்மாவின் சுவரைக் கண்டுபிடித்தேன். குழாய் வலது பக்கம்தான். தச்சனைக் கூப்பிட்டேன்.

"ஜன்னல்லேருந்து வலது பக்கம் மூணு செருப்புத் தள்ளிக் குழாய் மேல ஏறுது. இடது பக்கம் மாட்டிக்கோ."

"யாரு செருப்புண்ணே?"

"என்னோடதுதான். இரு, கால்ல போட்டுட்டு வரேன்."

அலமாரி ஏறிவிட்டது. கீழே ஒரு சொட்டு விழவில்லை.

அன்றைக்கு மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை. போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மகள் நச்சரித்தாள். நான் சொல்லவில்லை. எட்டு எங்கே என்று கேட்டேன், எங்கே என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

அடுத்த முறை போன் கத்தியபோது மகளிடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கவில்லை. வாசற்படியில் நின்றுதான் பார்த்தேன்.