பர்மனெண்ட் மிட்டாய்

சகலமான பேருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: நெய்வேலி நகரியத்தின் தனிப்பெரும் கண்டுபிடிப்பான முந்திரி சாக்லேட், பொதுவழக்கில் ‘பர்மனெண்ட் மிட்டாய்’, இந்த ஆண்டு வெள்ளிவிழா கண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குத் தலைமை ராஜேந்திரன். மிட்டாய் தன் தொலைநோக்கில் உதித்தது என்று நெடுநேரம் பேசினார். கைதட்டினோம், பேச்சு முடிந்தால்தான் பொட்டலம் கொடுப்பார்கள்.

உண்மையில் அது உதித்தது நகரியத்தை ஒட்டிய வடக்குத்தில், செந்தாமரையின் அடுப்பில். அவள் கணவர் சிங்காரவேல் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. இங்கே ஒரு வழக்கம் உண்டு. பர்மனெண்ட் ஆனவர் அன்றைக்கே தன் ஷிப்டு முழுவதற்கும் இனிப்பு கொடுத்தாக வேண்டும். இந்தத் தடவை சிங்காரவேல் பேர் உறுதி என்று யாரோ சொன்னதை நம்பி, காடாம்புலியூர் உடைமுந்திரியையும் கோகோ பவுடரையும் பாகில் கிண்டி, முந்தின நாளே தாம்பாளம் நிறைய வில்லை போட்டுவிட்டாள் செந்தாமரை. பர்மனெண்ட் ஆர்டர் வந்தது. சிங்காரவேலுக்கு அல்ல, பக்கத்து வீட்டு ராஜேந்திரனுக்கு. அவர் கையில் இனிப்பு இல்லை.

“அண்ணி, வெயில்ல உருகிப் போயிடும். வீணாப் போறத நான் எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துகினு போங்க. யாரு வாயாவது இனிக்கட்டும்.”

ராஜேந்திரனின் தொலைநோக்கு இவ்வளவுதான்.

ஷிப்டே விரலை நக்கியது. அதன்பின் யாருக்குப் பர்மனெண்ட் ஆனாலும் வண்டி முதலில் செந்தாமரை வாசலில்தான் நின்றது. ஈயத்தாள் வந்தது, அட்டைப்பெட்டி வந்தது, பஜாரில் கடையும் வந்தது. தாள் சுற்றுவது சிங்காரவேல் வேலை. ஷிப்டு முடிந்து வந்த கையோடு உட்கார்ந்துவிடுவார்.

“இன்னிக்கு பர்மனெண்ட் ஆனவன் நேத்து வந்த பயடி.”

“உங்களுக்கும் வரும். பேசிகினே இருக்காம சுத்துங்க.”

ஒரு வில்லைகூட அவர் வாயில் போட்டதில்லை. ஆர்டர் வரட்டும் என்பார். வயசு தெரிந்தால் வாய்ப்பு போய்விடும் என்று மீசைக்கு மை தீட்டிவந்தார். போன மாதம் அறுபது முடிந்தது. காண்ட்ராக்ட் ஆளுக்கு அறுபதோடு வேலை சரி. ஷிப்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

கடைசி நாள் காலையில் செந்தாமரை ஒரு பெட்டியை நீட்டினாள்.

“என்னாத்துக்குடி? இத எடுத்துகினு போனா பர்மனெண்டான்னு கேப்பானுங்க.”

“ஊருக்கெல்லாம் சுத்துன கைக்கு ஒரு டப்பா ஆவாதா? சும்மா குடுத்துட்டு வாங்க.”

கேட்டார்கள். ஈயத்தாளைப் பார்த்ததுமே மொத்த ஷிப்டும் சூழ்ந்துகொண்டது.

“அண்ணே, கெடச்சிடுச்சா! லேட்டானாலும் வுடலயே நீங்க!”

ஒருவன் அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். இன்னொருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிங்காரவேல் விவரம் சொல்ல வாயைத் திறந்தார். எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஆமாண்டா,” என்றார். கடைசி வில்லையைத் தானே பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செந்தாமரை காலிப் பெட்டியை வாங்கிப் பார்த்தாள்.

“நீங்க தின்னீங்களா?”

“ம்.”

“எப்பிடி இருந்துச்சி?”

“தித்திப்பு கொஞ்சம் ஜாஸ்தி.”

மறுநாள் அவர் இடத்துக்கு இன்னொரு காண்ட்ராக்ட் ஆள் வந்தார்.