பார்க்கவில்லை என்று எழுதியவர்

பாரிஸ் லா சப்பலில் கேஸ் எழுதுவதில் இராஜதுரையை அடிக்க ஆளில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டிலிருந்து அகதி விண்ணப்பங்களுக்கு வாக்குமூலம் எழுதியவர். சனம் வந்து அழுது கொட்டும். பிரெஞ்சுக்காரன் நம்பக்கூடியதை மட்டும் பொறுக்கியெடுத்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டு, அழகான பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதுவார். தன் கேஸ் ஒன்றும் தோற்றதில்லை என்று எழுபத்துநாலு வயதிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிந்தார். அந்தத் தலைக்கனத்துக்கு 2021 பங்குனியில் வந்தது ஆப்பு.

கொண்டுவந்தவள் பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் இருக்கும் இந்திராதேவி. எண்பத்தெட்டில் அவர் எழுதிக்கொடுத்து, ஆறே மாதத்தில் அகதி கார்ட் எடுத்தவள். அந்த நன்றிக்கு வருடா வருடம் தைப்பொங்கலன்று அவர் வீட்டுக்குப் பொங்கலோடு வருவாள். அந்தப் பங்குனியிலோ போட்டோக்கொப்பிக் கடைக்குள் இருந்த அவருடைய மேசைக்கே வந்து, ஒரு கடிதத்தை வைத்தாள்.

"லண்டன் லோயர் எழுதியிருக்கிறார், அண்ணை. அந்த நேரம் எங்கடை ஊரிலை இலங்கை ஆமியின்ரை ஹெலி ஓட்டினது இங்கிலீஸ்காரராம். கம்பனி ஒண்டு கூலிக்கு அனுப்பினதாம். கண்ட சாட்சி வேணுமாம்."

"பேப்பரிலை பார்த்தனான். கள்ளர்! லண்டன் அரசாங்கத்து ஆக்கள் அந்தக் காலத்துப் பைல் கனக்க அழிச்சும் போட்டாங்களாம். நீ கண்டனீதானே, போய்ச் சொல்லு."

"சொன்னனான். ஆனா எண்பத்தெட்டிலை வேறை மாதிரிச் சொல்லியிருக்கிறனாம்."

பழைய வாக்குமூலத்தின் பிரதியை விரித்தாள். இராஜதுரைக்குக் கண்ணாடியைப் போட முன்னமே அந்த வரி ஞாபகம் வந்துவிட்டது: ஹெலிகொப்டரில் இருந்தவர்களை நான் பார்க்கவில்லை.

அவள் பார்த்திருந்தாள். வயலில் நின்ற புருசனை ஹெலி தாழப் பதிந்து வந்து சுட்டது. சுட்டவன் ஆமிக்காரன், ஓட்டினவன் வெள்ளைக்காரன் என்றுதான் அன்றைக்குச் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "வெள்ளைக்காரனோ? இதை எழுதினால் ஒரேயடியா றிஜெக்ட் பண்ணிப்போடுவான், பிள்ளை." வெட்டியதோடு விட்டாரா? அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்காமலிருக்க, பார்க்கவில்லை என்று சொந்தமாக ஒரு வரியையும் செருகினார்.

"நீங்கள்தான் அப்பிடி எழுதினது எண்டு ஒரு அத்தெஸ்தாசியோன் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. இல்லாட்டி நான் பொய்க்காரி."

"நான் அப்பிடி எழுதிக் குடுத்தால் மற்ற ஆக்களின்ரை கேசையும் கிளறுவாங்கள்."

"எல்லாரும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்து எத்தினை வருசம்! ஆரைக் கிளறுறது? உங்கடை பேர் கெட்டுப்போகுமெண்டு சொல்லுங்கோவன்."

உண்மைதான். அவர் ஒரு தாளை எடுத்து விறுவிறு என்று நாலு வரி எழுதி நீட்டினார். எண்பத்தெட்டில் அவர் விரல் வைத்த இடத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டவள்தானே என்ற நினைப்பு. இந்திராதேவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்கிறவளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாமலிருக்குமா?

"'மொழிபெயர்ப்பில் சிறு தவறு நேர்ந்திருக்கலாம்.'" வாசித்துவிட்டுத் தாளை இரண்டாகக் கிழித்தாள். "பைலை அழிச்ச ஆக்களைக் கள்ளர் எண்டியள். நீங்கள் செய்தது என்ன, அண்ணை?"

அவருக்கு முதலில் பொல்லாத கோபம் வந்தது. அவளால்தான் என் மானம் போகிறது என்று நினைத்தார். பிறகு வெட்கம் வந்தது, அது போகவேயில்லை. புதுத் தாளை எடுத்தார்.

"சொல்லு, பிள்ளை."

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். தான் சிரித்ததை எழுதினார், வெட்டியதை எழுதினார், செருகியதையும் எழுதினார். முடிந்தது என்று பேனாவை மூடப் போனார்.

"அவன் எனக்குக் கை காட்டினவன், அண்ணை."

"ஆர்?"

"அந்த வெள்ளைக்காரன். வாய்க்காலுக்குள்ளை கிடந்த என்னைக் கண்டிட்டான். சுட்டு முடிஞ்சு திரும்பேக்கை, பஸ்ஸிலை போறவன் மாதிரிக் கை காட்டிப்போட்டுப் போனான். அண்டைக்கே சொல்ல வந்தனான். நீங்கள் சிரிச்சியள்."

இதை ஒருத்தனும் நம்பமாட்டான் என்று அவருடைய பழைய புத்தி சொன்னது. இராஜதுரை எழுதினார்: கை காட்டினான். பிறகு கையெழுத்துப் போட முன்னர், தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, அவள் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.