படத்தின் கீழே ஒரு பெயர்

இராஜரட்ணம் மாஸ்டரை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. என்னை நினைத்தாலும்தான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். மலாக்கா டவுனில் ஒரு சங்கத்து மாடியில் சனிக்கிழமைதோறும் கிளார்க்குகளான எங்கள் ஆறு பேருக்கு நவீன ஓவியக் கொள்கை சொல்லிக்கொடுத்தார். கலை கோயிலை விட்டுச் சமூகத்துக்குள் வந்துவிட்டது என்பார். அந்தக் காலத்துச் சிற்பி பெயரில்லாமல் செத்தான், இன்றைய கலைஞன் தன் பெயரோடு நின்று பேசுகிறான் என்பார். நான் வாய் பிளந்து கேட்பேன்.

அவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில், டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்த என் அத்தை இருசம்மாள் கரியால் வரைந்த படத்தைக் கொண்டுபோனேன். பால்மரம் வெட்டப் போகும் பெண்களை முள்வேலி கேட்டில் சோதனை போடும் காட்சி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே விடாத காலம். படத்தில் ஒருத்தி மட்டும் மடியில் சோற்றுப் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அது அத்தைதான். சோறு அவளுடைய பத்து மணிப் பசிக்கு, வேறு யாருக்குமில்லை.

மாஸ்டர் துள்ளிக் குதித்தார். கண்காட்சியில் வைப்போம், வரைந்தவர் பெயரும் இடமும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கிறுக்கல் என்றார். அத்தைக்கு எழுதத் தெரியாது. நானே முத்து முத்தாக எழுதினேன்: இருசம்மாள், மூன்றாவது லயம், ஏழாம் நம்பர் வீடு.

கண்காட்சி திறந்த மூன்றாம் நாள் போலீஸ் லாரி நேராக அந்த வீட்டுக்குப் போனது.

நான் மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். பெயர் எழுதச் சொன்னது நீங்கள்தான், ஸ்டேஷனுக்கு வந்து அது வெறும் படம் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தனபாலன், படம் சபைக்குப் போன பிறகு கீறினவருக்கும் படிப்பிச்சவருக்கும் அதோட ஒரு தொடர்பும் இல்லை. இப்பத்தைய கொள்கை அதுதான்."

"அத்தை லாக்கப்ல இருக்காங்க மாஸ்டர். ஒரு தடவ வாங்கலா."

"அரசாங்கமே ஒரு படத்துக்குப் பயப்படுது. கலைக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்?" என்றார். என்ன ஜென்மமோ!

விசாரணையில்லாமல் இரண்டு வருஷம் அத்தை உள்ளே கிடந்தாள். அவளைக் கொண்டுபோன அதே வாரம், சனிக்கிழமை வகுப்பில் அவள் கதையையே உதாரணமாக வைத்து மாஸ்டர் ஒரு மணி நேரம் பேசினார். மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள். நான் போகாமலே இருந்திருக்கலாம். போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.