குழி இல்லாத உருண்டை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பட்டினப்பாக்கம் வீட்டுக்கு வந்ததும் ராபர்ட் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தார். மகள் ஜெனிதா வருகிறாள். நந்தகுமாரைக் கட்டிக்கொண்ட நாளில், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அவளிடம் சொன்னவர் அவர்தான். அதற்கப்புறம் மனைவி லூர்துமேரி செத்துப்போனாள். கல்லறையில் தகப்பன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். இப்போது ஜெனிதா பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று மச்சினி எஸ்தர் சொல்லித் தெரிந்து, ராபர்ட்டே போன் போட்டு இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. உருண்டை சூப்பு வைத்துக் கொடுத்தால் அவளுக்கே புரியும் என்று நினைத்தார்.

கொதிக்கிற கோழிச் சாற்றில் அரிசிமாவு உருண்டை போட்டு வேகவைப்பது லூர்துமேரி தன் கோவளத்துத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல். ராபர்ட் அதைச் சாப்பிட்டதோடு சரி, செய்கிறபோது எட்டிப் பார்த்ததில்லை. வெங்காயமும் இஞ்சியும் வதக்கி, நாட்டுக்கோழியை எலும்போடு போட்டு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டார். மாவை மட்டும் சிமென்ட் குழைக்கிற மாதிரி பச்சைத் தண்ணீரில் குழைத்துவிட்டார். போட்டுப் பார்த்த முதல் உருண்டை கரைந்தே போனது. லூப் ரோட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த எஸ்தருக்குப் போன் போட்டார். அவளைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். "சுடுதண்ணி மாமா, உப்புப் போட்ட சுடுதண்ணி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

லூர்துமேரி ஒவ்வொரு உருண்டையிலும் கட்டைவிரலால் ஒரு குழி அமுக்குவாள். சில நாள் அவர் தட்டில் விழுவதில் குழி இருக்காது. அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொள்வார். கொத்தனார் கண்ணாயிற்றே, ஒன்று சொட்டை, ஒன்று மொழுக்கு, இது ஒரு வேலையா என்று கேலியும் செய்வார். அவள் பதில் பேசமாட்டாள். இன்றைக்கு மகள் தட்டில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு, வெடிப்பு விழாமல், குழி விழாமல் கோலிக்குண்டு மாதிரி உருட்டிப் போட்டார்.

நந்தகுமார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தான். ஜெனிதா கரண்டியால் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கடைசி உருண்டையையும் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாமேவா நைனா?"

"எல்லாம் உனக்குதாம்மா. பாத்துப் பாத்துப் புடிச்சேன்."

அவள் கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஏதோ சொல்வார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவர் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். புருஷனுக்கே ஒன்றும் விளங்கவில்லை. வண்டிச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினான். மசக்கை, சாப்பாடு இறங்கவில்லை போல என்று ராபர்ட் மனசைத் தேற்றிக்கொண்டார்.

மத்தியானம் வியாபாரம் முடித்துக் காலிக் கூடையோடு வந்த எஸ்தர் சட்டியைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

"யாரு மாமா இத்த புடிச்சது?"

"நான்தான். நல்லாக்கீதா?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "எங்க ஊட்ல கோவம்னா வாயத் தொறக்கமாட்டோம் மாமா. யாரு மேல கோவமோ அவங்க தட்டுல குழி வெக்காத உருண்டைய போட்டுடுவோம். பாத்துட்டு அவங்களே வந்து, நான் இன்னா பண்ணேன்னு கேக்கணும். நீ அந்தப் பொண்ணுக்கு ஒண்ணா ரெண்டா போட்டுக்கீற? சட்டி முழுக்க போட்டுக்கீறியே."

ராபர்ட்டுக்குக் கண் முன்னால் தட்டு தட்டாக வந்தது. குடித்துவிட்டு வந்து விழுந்த மறுநாள். அவள் தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்ட வாரம். மகளை வராதே என்று சொன்ன பிறகு வைத்த சூப்பெல்லாம். நான் இன்னா பண்ணேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்காமல், குழியில்லாத உருண்டையைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறார்.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். இரண்டாம் தடவைதான் எடுத்தாள்.

"எனக்கு அது தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. உங்க சித்தி இப்பதான் சொல்லுது."

"இத்தினி வருசமா தெரியாதா நைனா?" என்றாள். கோபம் போன குரல்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், மாவைத் தானே பிடிப்பதாகவும் சொன்னாள். அவருக்கு அதோடு போனை வைக்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி உங்கம்மா கடைசியா ஒருவாட்டி வெச்சா. அன்னிக்கு என் தட்டுல குழி இருந்துச்சா? நான் பாக்கலம்மா. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"நான் எங்க நைனா அங்க இருந்தேன்" என்றாள் ஜெனிதா.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.