கறை நிற்காத கைகள்

சலவைக்கடைக்காரியின் மூத்த மகள் கை வைத்தால் எந்தத் துணியிலும் கறை நிற்காது. சோப்பு வேண்டாம், பவுடர் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். உள்ளங்கையை வைத்து மெல்ல ஒரு தேய் தேய்த்தால் போதும், காபியோ மையோ கிரீஸோ, இருந்த சுவடே தெரியாது. இது தொடங்கி நாலைந்து வருடம் ஆகிவிட்டதால் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. எதிர்க்கடை மெக்கானிக் மட்டும் சட்டையைக் கொடுக்கும்போதெல்லாம், "அப்படியே என் பேர்ல இருக்கிற கறையையும் எடுத்து விடும்மா, எவனும் பொண்ணு தரமாட்டேங்கிறான்" என்பான். பேசாத விஷயம் வேறொன்று இருந்தது. பெரியவளுக்குப் பதினேழு முடியப்போகிறது, இன்னும் ஒருமுறைகூட மாதவிடாய் வரவில்லை. அம்மாவுக்கு இது தெரியும். வந்தால் கையின் வரம் போய்விடுமோ என்று ஒரு பயம், வராமலே போனால் பெண்ணின் கதி என்ன என்று ஒரு பயம். இரண்டுக்கும் நடுவில் அவள் இஸ்திரிப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, "வரும்போது வரும், சும்மா இரு" என்று மட்டும் சொல்லிவந்தாள்.

கடையின் பின்வாசலுக்குப் பெண்கள் படுக்கை விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணெதிரே கறை மறைந்ததும் வெட்கமும் கூடவே மறைந்துவிடும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறதே, இது சரியா? வெள்ளைப்படுவது நோயா? கட்டி கட்டியாகப் போனால் பயப்படணுமா? வலியில் சுருண்டு படுப்பது எல்லாருக்கும் உள்ளதா, எனக்கு மட்டும்தானா? கறையை இப்படி அறிந்தவளுக்கு அதன் காரணமும் தெரிந்திருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பெரியவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் "கேட்டுச் சொல்றேங்க்கா" என்பாள். தெருக்கோடியில் இருந்த மகப்பேறு மருத்துவமனையின் விரிப்புகள் இவர்கள் கடைக்குத்தான் வரும். வெளுத்த விரிப்புகளை அவள் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, டாக்டரம்மா நின்றபடி டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். அரிப்பும் நாற்றமும் இல்லாத வெள்ளைப்படுதல் இயல்புதான், இருந்தால் வந்து பார்க்கச் சொல். வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகவிடாத வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அழைத்து வா. பதில்களை ஒரு சொல்கூடச் சிந்தாமல் எடுத்துவந்து, மடித்த துணியோடு சேர்த்துக் கொடுத்தாள். தெருவில் பல பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவளுடைய கேள்வி மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது.

அந்த வருடம் தங்கைக்கு வந்துவிட்டது. சின்னவளுக்குப் பதின்மூன்று வயது, அவள் அதை ஒரு தொல்லையாகத்தான் எடுத்துக்கொண்டாள். மொட்டைமாடியில் காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே தன் பாவாடையை அக்காவிடம் நீட்டி, "சீக்கிரம் தேய்டி, அம்மா பார்த்தா லெக்சர் குடுக்கும்" என்றாள். பெரியவள் தேய்க்கவில்லை. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்க்கிற?"

"எனக்கு இன்னும் வரலடி."

"சும்மா சொல்லாதே."

"சத்தியமாடி. உள்ளே என்னமோ சரியில்ல. செத்துப்போயிருவேனோன்னு இருக்கு."

ஈர விரிப்பு ஒன்று காற்றில் வந்து இருவரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. சின்னவள் அதை விலக்கவில்லை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஊர்க் கேள்வியெல்லாம் சுமக்கிற, உன்னோடதை மட்டும் யாரு தூக்குவா? நாளைக்குப் போறோம்" என்றாள்.

மறுநாள் மருத்துவமனையில், தங்கை பக்கத்தில் நிற்க, பெரியவள், "எங்க கடைக்கு வர்ற ஒருத்தங்களுக்குப் பதினேழு வயசு, டாக்டர், இன்னும்..." என்று ஆரம்பித்ததும் டாக்டரம்மா டீயைக் கீழே வைத்தார். "அந்த ஒருத்தங்களை உள்ள வந்து உட்காரச் சொல்லு. பதினஞ்சு தாண்டினதுமே வந்திருக்கணும்" என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மறைக்காமல் சொன்னார். சினைப்பைகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. கருப்பை மட்டும் உருவாகவில்லை. பிறவியிலேயே அப்படி. சில ஆயிரம் பெண்களில் ஒருத்திக்கு இப்படி இருக்கும், உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அவள் விரும்பினால் கல்யாணம் செய்துகொள்ளலாம், அதற்கு ஏதாவது சிகிச்சை தேவைப்பட்டால் அவளே கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மாதவிடாய் வராது. தன் வயிற்றில் குழந்தை சுமப்பதும் முடியாது.

அம்மா மகளின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான்தான்ம்மா கெடுத்தேன். ஊர்ப்பட்ட கறையைத் துடைக்க வெச்சேன், உன்னோடதும் அதுல சேர்ந்து போயிருச்சு."

"நீங்க இவளை வயித்துல சுமந்தப்பவே முடிவான விஷயம்மா இது. கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் டாக்டரம்மா. பெரியவளைப் பார்த்து, "மாசா மாசம் உனக்கும் எல்லாப் பொண்ணுங்க மாதிரிதான் உள்ள ஹார்மோன் ஏறி இறங்குது. வெளியில காட்டுறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றார். பெரியவள் தலையாட்டினாள். கடைக்கு வந்ததும் அம்மா, வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவளை உட்காரவைத்துச் சோறு ஊட்டிவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் மெக்கானிக்கின் சட்டையில் கிரீஸ் அசையவில்லை. பெரியவள் உள்ளங்கை சிவக்கத் தேய்த்தாள். கறை கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே இருந்தது. அடிவயிறு கனத்தது, மார்பு வலித்தது, சின்னவள் தும்மியதற்கெல்லாம் கோபம் வந்தது. சில நாள் கழித்துக் கை பழையபடி ஆயிற்று. அதற்கடுத்த மாதமும் இதே போல நடந்தது, அதற்கடுத்த மாதமும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்ச் சட்டையோடு வந்த மெக்கானிக்கிடம், கரண்ட் இல்லை என்று சொல்கிற அதே குரலில், "பெரியவளுக்கு இப்போ முடியாதுப்பா, நாலு நாள் போகட்டும்" என்றாள்.

"சரிக்கா, அதுக்கென்ன" என்று அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வருடங்கள் போகப்போக, அந்த நாட்களில் பின்வாசலுக்கு யாரும் வருவதில்லை என்று ஆயிற்று. சின்னவள் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைப்பாள், பெரியவள் அதை அணைத்தபடி பகலெல்லாம் படுத்திருப்பாள். எழுந்தால் விரிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைப்பாள்.