எங்கள் வீடு என்ற வரியை நீக்கினேன்

1.

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. இணையத்தில் திறந்து கிடந்தது, எடுத்துக்கொண்டேன். 2009இல் ஒரு வியாழக்கிழமை. என்னோடு ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்த தியாகுவின் சொந்த இணையப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு குறிப்பு: "எங்கள் வீடு என்ற வரியை நீக்கினேன்." நீக்கியதை எதற்கு எழுதி வைக்கிறான் என்று நினைத்தேன். அவன் வைக்கவில்லை. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் குறிப்புக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அந்த இடத்தின் வழக்கம்.

2.

[பனி மூடிய மலைச்சரிவில் கூடை சுமந்த பெண்கள்—]

வேண்டாம். பனியும் கூடையும் காலண்டர்க்காரர்களுக்குச் சொந்தம்.

[தியாகு ஏழை. ஆனால்—]

'ஆனால்' வந்துவிட்டால் அவனைத் திறமைசாலியாக்க வேண்டிவரும். தியாகு நடுத்தரம். பரீட்சையில் அவன் என்னைப் பார்த்து எழுதினான், நான் அவனைப் பார்த்து எழுதினேன். இருவருக்கும் ஒரே பிழை.

3.

சரி, நேராகச் சொல்கிறேன். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தியாகுவின் அப்பா ஆண்டியப்பன் அங்கே தோட்ட அதிகாரியான துரையின் பங்களாப் பூச்செடிகளைப் பார்ப்பவர். முழங்கால் கெட்டு மலை ஏற முடியாமல் போனபிறகு கிடைத்த வேலை. துரை கொழும்புக்குப் போகும் நாட்களில் ஆண்டியப்பன் கேட்டைத் திறந்துவிடுவார். கல்யாணத் தரகருக்குப் படம் வேண்டியவர்கள் பங்களாப் படியில், டேலியாப் பூக்களுக்கு நடுவே நின்று எடுத்துக்கொள்வார்கள். (மாப்பிள்ளை படத்திலும் அதே டேலியா, பெண் படத்திலும் அதே டேலியா. ஏமாந்தேன் என்று இதுவரை யாரும் வந்ததில்லை.)

தியாகுவின் பிழை, அந்த வழக்கத்தைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோனது. கொழும்புக் கம்பனி ஒன்று, வேலை வேண்டுமானால் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் செய்து காட்டு என்றது. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டுவைக்கும் தளம் ஒன்று அப்போது இலவசமாக இடம் கொடுத்தது. கோப்பைப் போட்டால் பக்கமாகத் திறக்கும். போனும் இணையமும் வாடகைக்குத் தரும் கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து போட்டான். பெயர், படிப்பு, தோட்டம், பங்களாப் படியில் நிற்கும் படம். படத்துக்குக் கீழே: எங்கள் வீடு.

4.

துரைக்குப் பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் யோசனை. தோட்டத்தின் பெயரை இணையத்தில் தேடினார். முதலில் வந்தது தியாகு.

(துரையைக் கெட்டவனாக்க இங்கே மூன்று வாக்கியம் எழுதினேன். எடுத்துவிட்டேன். அவர் சத்தமே போடவில்லை. அது அதைவிட மோசம்.)

ஆபீசில் பெரிய கிளாக்கர் றிச்சர்ட்தான் மொழிபெயர்த்தார்.

"ஆண்டியப்பா, தொர கேக்கிறாரு, பங்களாவ எப்ப வாங்குனீங்கன்னு."

"என்னங்கய்யா?"

"சாவிய யார்கிட்ட குடுக்கிறதுன்னும் கேக்கிறாரு."

ஆண்டியப்பன் சிரித்தார். கிளாக்கர் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

துரையின் கட்டளை: வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரி இணையத்தில் எங்கும் இருக்கக்கூடாது. இருந்தால் சனிக்கிழமை காலை ஆண்டியப்பன் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மற்றவர்களோடு வரிசையில் நின்று, மலை வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

தியாகு அன்றே நீக்கினான். கிளாக்கர் சரிபார்க்கிறவர். பக்கத்தின் 'பழைய மாற்றங்கள்' என்ற இடத்தை அமுக்கினார். நீக்கிய வரி சிவப்புப் பட்டையில், முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது.

5.

"அழிச்சியா இல்லியா?" என்றார் அப்பா.

"அழிச்சிட்டேன்ப்பா. அழிச்சத அது வச்சிருக்கு."

"அப்ப எதுக்குடா அழிக்கிறது?"

"மொத்தமா தூக்கிறலாம். தூக்குனா திங்கக்கிழம கம்பனிக்காரன் பார்க்க ஒண்ணும் இருக்காது. எப்பிடி மாத்தி மாத்தி செஞ்சேன்னுதான் பார்ப்பாங்களாம்."

"புதுசா ஒண்ணு போட்டுற வேண்டியதுதானடா."

"ஒரே நாள்ல செஞ்சதா காட்டும். காப்பின்னுருவாங்க."

"தொர வீட்ட ஒன் வீடுன்னதையும் பார்ப்பாங்களா?"

"பார்ப்பாங்க."

ஆண்டியப்பன் முழங்காலை நீவிக்கொண்டார்.

"அங்க பூ வச்சது நானு," என்றார். "அத எழுதியிருக்கலாம்ல."

6.

முடிவு ஒன்று: தியாகு எல்லாவற்றையும் அழிக்கிறான். அப்பா டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மகன் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் போன் ரீலோட் கார்டு விற்கிறான்.

முடிவு இரண்டு: அழிக்கவில்லை. மகனுக்குக் கொழும்பில் கழுத்துப்பட்டியும் சம்பளமும். அப்பா மழையில் மலை ஏறுகிறார், பாதி தூரம்.

[முடிவு மூன்று: துரை மனம் இரங்கி—] எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்திருக்கிறேன். அடித்தது உங்களுக்கும் தெரியும், இந்தக் கதையும் அப்படிப்பட்ட இடம்தான்.

எந்த முடிவானாலும் மாறாத ஒன்று உண்டு. துரை கேள்வி கேட்ட அன்றே பங்களா கேட்டுக்குப் பூட்டு வந்துவிட்டது. தரகருக்குப் படம் கொடுக்க, தோட்டத்து ராக்காயியின் மகள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் போர்வை கட்டி அதன் முன்னால் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டைக் காணோமாம்.

7.

வெள்ளிக்கிழமை கடையில் தியாகுவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். பக்கத்தை மொத்தமாக அழிக்கும் பொத்தானை அமுக்கினான். ஒரே அமுக்கில் அழிக்கும் தளமா அது. கேள்வி ஒன்று கேட்டது.

[தியாகு ஆம் என்று—]

[தியாகு கேள்விப் பெட்டியை மூடிவிட்டு—]

"நீ சொல்லுடா," என்றான். "நீதான எல்லாத்துக்கும் எதாச்சும் சொல்லுவ."

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். பையன் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறான். திரையில் இருப்பது ஒரே சொல்:

உறுதியா?