பக்கந்தான்

எஸ்டேட்டில் பிறந்தவர்கள் வாயில் "தெரியாது" என்ற சொல் லேசில் வராது. துரை கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருதிருவென்று விழித்தால் வசவுதான். மூணாறு டூரிஸ்ட் பங்களாவில் அறை வேலைக்குச் சேர்ந்த பிறகும் முத்துப்பேச்சியை அந்தப் பழக்கம் விடவில்லை. அருவி எவ்வளவு தூரம் என்று கேட்ட சென்னைத் தம்பதியிடம், "இந்தா, பக்கந்தான்" என்று சிரித்த முகமாகச் சொன்னாள். ஒன்பது மைல்! பாவம், அந்த அம்மாள் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

முத்துப்பேச்சிக்கு மானம் போயிற்று. மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரையும் தப்பையும் எழுதினாள். அத்தோடு விட்டாளா? தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். பங்களா வேலையாட்கள் ஆறு பேரும் நாலு மணி டீக்குக் கூடும்போது அந்தக் கேள்வியை எல்லார் முன்னாலும் போட வேண்டும். கேள்வியும், தெரியாது என்றவர் பெயரும், விசாரித்த பதிலும் நோட்டில் ஏற வேண்டும் என்று சட்டமும் போட்டாள். சமையல்காரர் சுருளிவேல் முறைத்தார்.

"நம்ம கூமுட்டைத்தனத்த நாமளே எழுதி வைக்கணுமாக்கும்?"

ஆனால் இரண்டே வருஷத்தில் ஏழு நோட்டு நிரம்பியது.

எழுபத்தாறாம் வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டூரிசம் ஆபீசர் தன் அம்மாவோடு வந்து இறங்கினார். எஸ்டேட் ஆட்கள் ஆறு பேரையும் அனுப்பிவிட்டு, டவுனில் பயிற்சி பெற்றவர்களை வைக்கலாமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். வந்ததும் வராததுமாக வாட்ச்மேன் பிச்சைமணியைக் கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு முட்டிவலி. வட்டவடைக்கு ஜீப்பில போனா எத்தர தூரம் நடக்கணும்?"

"தெரியாது சார். நாலு மணிக்குள்ள கேட்டுச் சொல்றேன்."

"இதுகூட அறியாம இவிடெ எதுக்கு நிக்கிறே?"

துணி மடித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி காதில் அது விழுந்தது. "பக்கந்தான் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறு வீட்டு அடுப்பும் எரியும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

நாலு மணிக்கு டீ கேட்டு வந்த ஆபீசர் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சுருளிவேல் பிச்சைமணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வட்டவடையிலேருந்து முட்டக்கோசு எறக்க வந்த ஜீப்புக்காரன்ட்டக் கேட்டுட்டேன். மழ பேஞ்சா ஜீப்பு ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னுரும். அங்கிட்டு அரை மைலு ஏத்தம். அந்தம்மாவுக்கு ஆகாது. ரெண்டு நாள் வெயிலடிக்கட்டும். நோட்டுல ஏத்திக்க."

ஆபீசர் நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் சிரித்தவர், பிறகு சிரிக்கவில்லை. ஏழு நோட்டும் முடிவதற்குள் டீ ஆறிப்போயிற்று.

"அடுத்த மாசம் டவுன் ஆளுங்க வருவாங்க" என்றார்.

சுருளிவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"உங்ககிட்டப் படிக்க. இந்த நாலு மணி டீக்கு."

கொழுந்து கிள்ளிய கைதானே என்று ஊர் சொன்ன தன் கையை முத்துப்பேச்சி ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. ஆனாலும் வேலை வேலைதான்.

"எத்தன பேரு சார் வர்றாக? பாலுக்குச் சொல்லணும்."

ஏதோ சொல்ல வாயெடுத்த ஆபீசர் நிறுத்திக்கொண்டார்.

"தெரியாது. கேட்டுச் சொல்றேன்."

முத்துப்பேச்சி நோட்டை வாங்கிக் கேள்வியை எழுதினாள். பக்கத்திலேயே, சட்டப்படி, அவர் பெயரையும் எழுதினாள்.